கலைத்து வைத்த நேரங்கள்

தப்பு நடந்தது திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. நடந்து முடிய நாலு நொடிகூட ஆகவில்லை. ஆனால் சூரியகாந்திக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

சூரியகாந்தி அவளுடைய பெயர் இல்லை, ஆபீஸில் வைத்த பட்டப்பெயர். மற்றவர்கள் வானத்தில் எங்கெங்கோ வெடித்த நட்சத்திரங்களைத் தேடிக்கொண்டிருக்க, இவள் மட்டும் மூன்று வருஷமாகச் சூரியன் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அதுவும் தலைக்கு மேலே காய்கிற சூரியன் இல்லை. அஸ்தமித்த பிறகு பூமிக்கு அடியில் இருக்கிற சூரியன்.

அதைப் பார்க்கிற தொலைநோக்கியும் அதற்கேற்றாற்போல்தான் இருந்தது. கடலுக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், கண்ணாடிக் குண்டுகளைச் சரம் சரமாகக் கோத்து நிறுத்தி வைத்திருந்தார்கள். நியூட்ரினோ என்கிற துகள் பூமியையே துளைத்துக்கொண்டு வரும். எதிலும் நிற்காது, யாரையும் தொடாது. கோடானுகோடியில் ஒன்று தப்பித்தவறித் தண்ணீரில் மோதினால் ஒரு துளி நீல வெளிச்சம் மின்னும். குண்டுகள் அதைப் பார்த்து, எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று கரைக்கு எழுதி அனுப்பும். கல்யாணமான புதிதில் அவள் இதை விளக்கியபோது, “தொலைநோக்கியத் தலைகீழாக் கிணத்துக்குள்ள போட்டுட்டீங்கன்னு சொல்லு” என்றான் கணவன். அவளும் யோசித்துப் பார்த்தாள், பெரிய பிழை ஒன்றும் இல்லை.

அவள் தேடியது நியூட்ரினோவைக்கூட இல்லை. கரும்பொருளை. அண்டத்தில் நம்மைப் போலக் கண்ணுக்குத் தெரிகிற சரக்கு ஒரு பங்கு என்றால், தெரியாதது ஐந்து பங்கு. அது என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாத துகள்கள் போகிற போக்கில் சூரியனுக்குள் விழுந்து, கோடிக்கணக்கான வருஷமாக அதன் நடுவயிற்றில் சேர்ந்துகொண்டே இருக்கலாம். கூட்டம் கூடினால் இடித்துக்கொள்ளத்தானே செய்யும்? இடித்துக்கொண்டால் இரண்டும் அழியும். அழிகிறபோது பிறக்கிறவற்றில் சூரியனைவிட்டு அப்படியே வெளியே வரக்கூடியது நியூட்ரினோ மட்டும்தான். ஆகவே சூரியன் இருக்கிற திசையிலிருந்து சக்தி மிகுந்த நியூட்ரினோ கூடுதலாக வந்தால், உள்ளே கரும்பொருள் இருக்கிறது என்று அர்த்தம். திருடனைப் பார்க்க முடியாவிட்டாலும் நாய் குரைக்கிறதா என்று கேட்கலாமே, அந்த மாதிரி.

இதில் ஒரு சிக்கல். மனுஷன் தனக்கு வேண்டியதைப் பார்ப்பதில் கெட்டிக்காரன். சூரியனைச் சுற்றி எவ்வளவு பெரிய வட்டம் போட்டு எண்ணுவது என்பதை எண்ணுகிறவரே முடிவு செய்தால், கொஞ்சம் அகட்டியோ சுருக்கியோ வேண்டிய விடையை வரவழைத்துவிடலாம். தெரிந்து செய்ய வேண்டியதில்லை, கை தானாகச் செய்யும். அதனால் அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். ஆறு வருஷத்துத் தகவலையும் ஆராய்கிறவர்களிடம் கொடுப்பார்கள், ஆனால் துகள் வந்த நேரங்களை மட்டும் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோலக் கலைத்துக் கொடுப்பார்கள். நேரம் தெரியாவிட்டால் அந்த நொடியில் சூரியன் எங்கே இருந்தது என்று தெரியாது. கலைந்த தகவலை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்து, வட்டத்தின் அளவை முடிவுத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உண்மையான நேரங்கள் கிடைக்கும். அதற்குப் பெட்டி திறப்பது என்று பெயர். ஒரு தடவைதான் திறக்கலாம்.

உண்மையான நேரங்களை வைத்திருப்பவர் பூட்டு. அதுவும் பட்டப்பெயர்தான். மேஜை அலமாரியைப் பூட்டுவார், சைக்கிளுக்கு இரண்டு பூட்டுப் போடுவார், டீ குடிக்கிற கோப்பையை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார். “இவரு வீட்டுல பொண்டாட்டிகிட்ட பேசறதுக்கே பாஸ்வேர்டு கேப்பாராம்” என்று ஆபீஸில் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

திங்கட்கிழமை காலையில் சூரியகாந்திக்குப் பிடிக்காத ஒரு வேலை வந்தது. ஆபீஸ் வராந்தாவில் மாட்டுவதற்கு, போன வருஷத்தில் வந்த துகள்களையெல்லாம் புள்ளிகளாகப் போட்டு ஒரு படம் வேண்டும் என்றார் தலைவர். பொதுமக்கள் பார்க்க வருகிற நாளுக்காம். அதற்கென்று தனியாக ஒரு ஃபைல் வந்திருந்தது. எந்தத் திசையிலிருந்து வந்தன என்று மட்டும் வரைந்தால் போதும், சூரியனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அவள் கை சும்மா இருந்ததா? மூன்று வருஷமாகக் காலையில் வந்ததும் எந்தப் புரோகிராமை ஓட்டுவாளோ அதையே ஓட்டினாள். அது பாட்டுக்கு நேரத்தைப் படித்து, சூரியன் இருந்த இடத்தைக் கணக்கிட்டு, சூரியனை நடுவில் வைத்துப் படத்தைத் திரையில் போட்டது. பொதுமக்களுக்கான ஃபைலை எவரும் கலைத்து வைக்க மாட்டார்கள் என்பது அவளுக்கு உறைத்தபோது, படம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நடுவில் நாலு டிகிரி வட்டம். அதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று… ஏழு புள்ளி. சூரியனுக்குள் ஒன்றுமே இல்லையென்றால் வருஷத்துக்கு இரண்டு வர வேண்டும்.

எண்ணியிருக்கக் கூடாது. ஆனால் ஏழு என்பது எண்ணித்தான் தெரிய வேண்டிய எண்ணா? அவள் திரையை அணைத்தாள். திரையில் இல்லாத ஏழும் கண்ணுக்குள் இருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதலில் வந்தது பயம் இல்லை. கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கரும்பொருள் இருக்கிறது. சூரியனுக்குள் இருக்கிறது. உலகத்தில் எண்ணூறு கோடிப் பேர், அதில் ஒருத்திக்குத்தான் இது தெரியும், அவள் இரண்டாம் மாடிக் கழிப்பறையில் நிற்கிறாள்.

பயம் மத்தியானம் வந்தது. அவளுடைய முடிவுத்தாளில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, ஒன்றைத் தவிர. வட்டம் நாலு டிகிரியா, ஆறு டிகிரியா? கனமான கரும்பொருள் துகளைத் தேடினால் நாலு, லேசானதைத் தேடினால் ஆறு. இரண்டுக்கும் நியாயம் உண்டு. போன வாரமே அவள் மனசு நாலு பக்கம்தான் சாய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை எழுதியிருக்க வேண்டும். அன்றைக்குத் தலைவலி, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறு போட்டால் சுற்றுப்புறத்து வெற்றுப் புள்ளிகளும் உள்ளே நுழைந்து ஏழின் பளபளப்பு மங்கிவிடும். நாலு போட்டால் பளிச்சென்று தெரியும்.

நாலு என்று எழுதினாள். எப்படியும் அதைத்தானே எழுதியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். கையெழுத்தும் போட்டுத் தலைவருக்கு அனுப்பினாள். வியாழக்கிழமை கூட்டத்தில் எல்லோரும் சம்மதித்தால் அடுத்த நாளே பெட்டியைத் திறந்துவிடலாம். திறந்தே ஆக வேண்டிய நெருக்கடியும் இருந்தது. அவளுடைய வேலை ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. கையில் ஒரு முடிவு இருந்தால் நீட்டிப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு பூங்கொத்தோடு வழியனுப்பிவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாத்தனார் எரிந்து விழுந்துகொண்டே வீட்டுக்குள் வந்தாள். அவள் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவள். தன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று பதினைந்து நாள் தங்க வந்தவள், மூன்று மாதமாக இருக்கிறாள். அண்ணனோடு பேசுவதைவிட அண்ணியோடு பேசுவதுதான் அதிகம்.

“இன்னிக்கி அம்பது கப்பு டீயச் சாக்கடையில ஊத்தினேன் அண்ணி.”

“ஏன், நல்லா இல்லையா?”

“நல்லா இருந்துச்சா இல்லையான்னே தெரியாது. எங்க ரூம்ல கப்புக்கு அடியிலதான் நம்பர் இருக்கும், எந்தத் தோட்டத்துத் தேயிலைன்னு எனக்குத் தெரியக் கூடாது. எந்தப் புண்ணியவானோ ஒரு கப்புப் பக்கத்துல லேபிளோட பொட்டலத்த வச்சிட்டுப் போயிட்டான். கண்ணுல பட்டுருச்சு.”

“ஒரு கப்புதானே? அத மட்டும் ஊத்த வேண்டியதுதானே?”

“பக்கத்துக் கப்ப எதோட ஒப்பிட்டுக் குடிப்பேன்? வரிசையே போச்சு. மறுபடி தண்ணி கொதிக்க வச்சு, மறுபடி எல்லாத்தையும் போட்டு… மேனேஜர் மூஞ்சியப் பாக்கணுமே!”

சூரியகாந்தி காய் நறுக்குவதை நிறுத்தினாள். “சரி, லேபிளப் பாக்குறதுக்கு முன்னாடியே அது நல்ல தேயிலைன்னு உனக்குத் தோணியிருந்தா?”

“தோணினது எனக்கா, லேபிளுக்கான்னு நான் எப்படிப் பிரிக்கிறது? நாக்கு என்ன ரசீது குடுக்குமா?” என்றாள் நாத்தனார். அப்புறம் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். “என்ன அண்ணி, நீங்க ஏதோ லேபிளப் பாத்த மாதிரி இருக்கீங்க?”

“வெங்காயம்” என்றாள் சூரியகாந்தி. அவள் நறுக்கிக்கொண்டிருந்தது கேரட். நாத்தனார் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் விடுவதற்கும் ஒரு நாக்கு வேண்டும்.

புதன்கிழமை முழுக்க அவள் தன்னோடு வழக்காடினாள். ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவருக்கும் தெரியாது. போன வாரமே நாலுதான் என்று இருந்தேன், இது சத்தியம். சத்தியம்தானா? வெள்ளிக்கிழமை எழுதாமல் போனது தலைவலியாலா, அல்லது இன்னும் தீர்மானம் ஆகாததாலா? நினைவைத் தோண்டத் தோண்ட, வெள்ளிக்கிழமை இருந்த தன் மனசில்கூட ஏழு புள்ளி தெரிந்தது. அங்கே அது இருந்திருக்கவே முடியாது. இதுதான் அவளைப் பயமுறுத்தியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவளுக்குக் குறுகுறுப்பு இல்லை, நெஞ்சே யாருடையது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தலைவர் முடிவுத்தாளைத் திரையில் போட்டு, “சூரியகாந்தி பிரமாதமாப் பண்ணியிருக்காங்க. யாருக்காவது ஆட்சேபம் உண்டா?” என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“எனக்கு இருக்கு” என்றாள் சூரியகாந்தி.

சிரித்தார்கள். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்கள். அவள் எழுந்து நிற்காமலே, மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: திங்கட்கிழமை, வராந்தாப் படம், தவறான புரோகிராம், நாலு டிகிரிக்குள் எத்தனை என்று எண்ணிவிட்டது, அதற்குப் பிறகு தாளில் நாலு என்று எழுதியது. எத்தனை புள்ளி என்று மட்டும் சொல்லவில்லை. “அது உங்க எல்லாரையும் கெடுத்துரும்” என்றாள்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோட…”

“தெரியும் சார்.”

அப்போது பூட்டு தொண்டையைக் கனைத்தார். கூட்டங்களில் அவர் பேசுவதே அபூர்வம்.

“அந்த வராந்தாப் பட ஃபைல்ல நேரத்தக் கலைச்சுட்டுத்தான் குடுத்தேன்” என்றார். “படத்துக்குத் திசை போதும், நேரம் தேவையில்ல. எதுக்கு உண்மையான நேரத்த வெளிய விடணும்னு கலைச்சேன். யாருக்கும் சொல்லல.”

சூரியகாந்திக்குச் சட்டென்று புரியவில்லை.

“அப்போ நான் பாத்தது?”

“சூரியன் இல்ல. சும்மா ஒரு இடம்.”

சிலர் கைதட்டினார்கள். ஒருவர், “போங்க, தப்பிச்சீங்க!” என்று தோளில் தட்டினார். அவளுக்குத் தப்பித்த மாதிரி இல்லை. நாலு நாளாக வயிற்றில் சுமந்துகொண்டிருந்த ஒன்றை இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார்கள்.

“அப்ப தாள் செல்லும்தானே? நாளைக்கே திறந்துரலாம்” என்றார் தலைவர், நிம்மதியாக.

“செல்லாது சார்” என்றது அவளுடைய குரல்தான். “உண்மையோ பொய்யோ, நான் பாத்துட்டு எழுதினேன். பாக்கலைன்னா என்ன எழுதியிருப்பேன்னு எனக்கே தெரியல. வேற யாராவது எழுதணும்.”

பூட்டு தலையாட்டினார். தலைவர் பெருமூச்சு விட்டார். வட்டத்தைத் தீர்மானிக்கிற பொறுப்பு பக்கத்து அறைக்காரருக்குப் போனது. வெடித்த நட்சத்திரங்களைத் தேடுகிற மனுஷர், அவளுடைய கணக்கை முதலிலிருந்து படித்துப் புரிந்துகொள்ள ஆறு வாரமாவது வேண்டும் என்றார். ஆறு வாரம் கழித்து அவள் இங்கே இருப்பாளா என்பதை ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு வராந்தாவில் பூட்டு அவளுக்காக நின்றுகொண்டிருந்தார். கையில் சாவிக்கொத்து.

“எத்தனை புள்ளி?” என்று கேட்டார்.

“ஏழு.”

“ஏழா!” அவருக்கே அதிர்ச்சி. “இருநூறு தடவ கலைச்சா ஒரு தடவ வரலாம். அது போயும் போயும் உங்க கண்ணுலயா படணும்?” கொஞ்ச நேரம் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். “நான் ஏன் எல்லாத்தையும் பூட்டுறேன்னு எல்லாரும் கேலி பண்ணுவீங்க.”

“நான் பண்ணினதில்ல” என்றாள். அது பொய்.

“பழைய ஆபீஸ்ல நானும் உங்கள மாதிரி தேடிக்கிட்டிருந்தவன்தான். ஒருநாள் நானும் பாத்துட்டேன். தெரியாமத்தான். அது கலைச்ச ஃபைல் இல்ல, நெஜ ஃபைல். அப்புறம் வட்டத்த எழுதினேன். பேப்பர்லாம் வந்துச்சு, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசச் சொன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் புதுத் தகவல் வந்துச்சு, அதுல ஒண்ணுமே இல்ல. எதேச்சையா வந்ததுன்னு விட்டுட்டாங்க. பாத்தத நான் சொல்லவே இல்ல.” ஒரு சாவியைப் பிடித்து நிறுத்தினார். “அதுக்கப்புறம் நான் தேடுறதில்ல. பூட்டுறேன்.”

“இப்ப சொல்லிட்டீங்களே” என்றாள்.

“உங்ககிட்ட” என்று சொல்லிவிட்டு அவர் டீ கோப்பையை எடுக்கப் போனார். டிராயர் பூட்டியிருந்தது.

தலைவர் யார் யார் காலிலோ விழுந்திருக்க வேண்டும், மாதக் கடைசியில் அவளுக்கு மூன்று மாத நீட்டிப்பு வந்தது. மூன்று வருஷம் கேட்ட இடத்தில் மூன்று மாதம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றாலும் பெட்டி திறக்கிற வரைக்கும் தாங்கும். பக்கத்து அறைக்காரர் எட்டாவது வாரம் கையெழுத்துப் போட்டார். ஆறு டிகிரி. ஏன் நாலு இல்லை என்று அவள் கேட்கவில்லை. அவர் சொன்ன காரணம் நல்ல காரணம். அவளுக்கே அந்த வெள்ளிக்கிழமை தோன்றியிருக்கக்கூடிய காரணம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். பூட்டு தன் கணினியில் கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்தார். நாலாவது தடவை உண்மையான நேரங்கள் வந்தன. சூரியகாந்தியின் புரோகிராம் ஓடி முடிய அரை நிமிஷம்.

ஆறு வருஷத்தில் எதிர்பார்த்தது இருபத்தேழு. வந்தது இருபத்தாறு.

“நல்ல முடிவு” என்றார் தலைவர். அது பொய்யில்லை. சூரியனுக்குள் கரும்பொருள் இவ்வளவுக்கு மேல் இடித்துக்கொள்ளவில்லை என்று உலகத்துக்குச் சொல்லலாம், அடுத்துத் தேடுகிறவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடலாம். கட்டுரை வரும், அவள் பெயரும் இருக்கும். எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். வேலை மேலும் நீளுமா என்று தலைவர் இப்போதும் உறுதி சொல்லவில்லை, கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

அவளும் பூட்டும் மட்டும் இருந்தார்கள்.

“போன வருஷம் மட்டும் நாலு டிகிரில பாக்கலாமா?” என்று கேட்டாள்.

“தெறந்தாச்சு. இனிமே யாரு வேணா எதையும் பாக்கலாம்.”

போட்டாள். கறுப்புத் திரை, நடுவில் வட்டம், அதே வட்டம். உள்ளே இரண்டு புள்ளி. எதிர்பார்த்ததும் இரண்டு. ஒன்று வட்டத்தின் ஓரத்தில், விட்டால் வெளியே ஓடிவிடும்போல இருந்தது.

பூட்டு கதவைச் சாத்திவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் அந்தக் கதவைப் பூட்டவில்லை.

அவள் நாத்தனாருக்குப் போன் போட்டாள். பின்னால் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது.

“ரெண்டு” என்றாள் சூரியகாந்தி.

கதை முழுவதையும் நாத்தனார் எட்டு வாரத்துக்கு முன்பே, நிஜமான வெங்காயம் நறுக்கிய ஒரு சாயங்காலத்தில், அண்ணியின் வாயிலிருந்து பிடுங்கியிருந்தாள். அதனால் எதில் இரண்டு என்று கேட்கவில்லை. “அழறீங்களா அண்ணி?” என்றுதான் கேட்டாள்.

“ஆமா.”

“ஒண்ணும் கெடைக்கலைன்னா?”

“அதுக்கில்லடி. மூணு வருஷமாக் கெடைக்காமத்தானே இருந்துச்சு, அதுக்கு அழுதேனா?” மூக்கை உறிஞ்சினாள். “அந்த நாலு நாளு. உலகத்துலயே எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். அது திருட்டுத்தனந்தான், தெரியும். ஆனா அவ்வளவு சந்தோஷமா நான் எப்பவும் இருந்ததில்ல.”

மறுமுனையில் நாத்தனார் வாயிலிருந்த டீயைத் துப்புகிற சத்தம் கேட்டது. அவளுக்கு அது வேலை, மரியாதைக்குறைவு இல்லை.

“சீக்கிரம் வீட்டுக்கு வாங்க அண்ணி” என்றாள். “ஒரு நல்ல தேயில இருக்கு, லேபிளோட. எந்தத் தோட்டம்னு சொல்லிட்டே போட்டுத் தரேன்.”